முதல்முறை விளையாட வருகிறவர்களுக்கு டி அண்ட் டி நடத்துவது

கேள்வி இது. அலுவலக நண்பர்கள் நான்கு பேர், யாருமே இதுவரை டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு பேசியும் பகடை உருட்டியும் கதைக்குள் விளையாடும் ஆட்டம்) விளையாடியதில்லை, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக (டிஎம்) உட்காரப் போகிற உங்களுக்கும் யூடியூபில் பார்த்ததுதான் அனுபவம். விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 320 பக்கம் இருக்கிறது, அதை முடிக்காமல் தொடங்கலாமா, சொந்தமாகக் கதை எழுத வேண்டுமா, முதல் நாளே சொதப்பிவிட்டால் மறுபடி யாரும் வரமாட்டார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடங்கலாம். புத்தகத்தை முடிக்க வேண்டாம், கதையும் எழுத வேண்டாம். டிஎம்மின் வேலை என்று நான் நினைப்பது ரொம்பச் சின்னது: ஒரு நிலைமையைச் சொல்லுங்கள், "என்ன பண்றீங்க?" என்று கேளுங்கள், வருகிற பதிலை மதித்து அதற்கு உண்மையான விளைவு ஒன்றைக் கொடுங்கள், திரும்பவும் கேளுங்கள். மூன்று மணி நேரமும் இதேதான். தான் ஒன்று செய்ததால் அந்த உலகத்தில் ஒன்று மாறியது என்று ஒரே ஒரு தடவை உணர்ந்துவிட்டால் போதும், அந்த ஆள் அடுத்த வாரம் தானாக வருவார். கீழே சொல்கிற எல்லாம் அந்த ஒரு தடவையை நடக்க வைப்பதற்காகத்தான்.

விதிகளில் முதல் நாளுக்குத் தேவையானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாத காரியம் எதையாவது ஒருவர் செய்ய முயன்றால் இருபது பக்கப் பகடையை, அதாவது டி20-ஐ உருட்டி, கேரக்டர் ஷீட்டில், அதாவது தன் பாத்திரத்தின் விவரத் தாளில், அந்தத் திறமைக்கு நேராக இருக்கும் எண்ணைக் கூட்டுவார். நீங்கள் வைத்த இலக்கை எட்டினால் நடந்தது. சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதற்கு 20. அடிப்பதும் இதே கணக்குதான், இலக்கு மட்டும் எதிரியின் ஏ.சி., அதாவது அவனுடைய தற்காப்பு எண். அடி பட்டால் ஆயுதத்துக்குரிய பகடையை உருட்டி எதிரியின் எச்.பி.யில் (மிச்சமிருக்கும் உயிர்ப் புள்ளிகள்) கழிக்க வேண்டும். நிலைமை சாதகமாக இருந்தால் அட்வான்டேஜ், டி20-ஐ இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதகமாக இருந்தால் டிஸ்அட்வான்டேஜ், சிறியதை. எச்.பி. 0 ஆனால் ஆள் மயங்கி விழுவார், அப்புறம் தன் முறை வரும்போதெல்லாம் ஒரு டி20. 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை வந்தால் ஆபத்து நீங்கியது, குறைவாக மூன்று தடவை வந்தால் இறந்தார். அவ்வளவுதான். மல்லுக்கட்டுவது, குதிரை மேலிருந்து சண்டை போடுவது எல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவுக்கு இலவசமாகக் கிடைக்கும் பேசிக் ரூல்ஸே போதும். 2023 ஜனவரியில் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்.ஆர்.டி. 5.1 யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது, அதனால் திருட்டு பி.டி.எஃப். தேட வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. பகடை இல்லாவிட்டால் போனில் ஆப் இருக்கிறது, ஆனால் ஒரு செட்டாவது வாங்கி மேசை நடுவில் வையுங்கள், கையால் உருட்டுவதில் இருக்கிற படபடப்பு போனில் வராது.

நான் சொல்வது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை வைத்து. 2024-இல் திருத்திய புத்தகங்கள் வந்திருக்கின்றன, முதல் நாள் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, வித்தியாசம் உதவுகிற இடத்தில் சொல்கிறேன்.

சொந்தக் கதை வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய கதையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராது. அவர்கள் இடதுபக்கம் போக நினைத்தால் நீங்கள் வலதுபக்கம் தள்ளுவீர்கள், ஏனென்றால் நீங்கள் எழுதியது வலதுபக்கத்தில் இருக்கிறது. அடுத்தவர் எழுதிய சாகசத்தை, அதாவது ஆட்டத்துக்கென்றே தயாராக எழுதி வைத்த கதையை, எடுத்துக்கொண்டால் அந்தப் பாசம் இருக்காது. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர் என்ற சாகசத்தை நான் இன்றைக்கும் பரிந்துரைக்கிறேன். அந்தப் பெட்டியில் வந்தவை: தயாராக ஐந்து கேரக்டர்கள், 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்க சாகசம், ஒரு செட் பகடை. அதையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். அதை விளையாடுபவராகச் சேரப் போகிறவர் யாராவது இதைப் படித்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இனி ரகசியங்கள் வரும்.

முதல் நாளே கேரக்டர் உருவாக்க உட்காராதீர்கள். இனம், வகுப்பு, பின்னணி, ஆறு குணங்களுக்கு எண்கள், மந்திரப் பட்டியல் என்று அதிலேயே அந்த மாலை போய்விடும், அதுவும் இந்த எண்கள் எதற்கு என்றே தெரியாத நிலையில். தயாரான கேரக்டர் ஷீட்டுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லுங்கள்: இவன் முன்னால் நின்று அடி வாங்குவான், இவள் ஒளிந்து பின்னாலிருந்து குத்துவாள், இவர் காயத்தை ஆற்றுவார், இவன் மந்திரவாதி. அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். மந்திரவாதியை மட்டும் படிக்கப் பொறுமை உள்ளவர் கையில் போகும்படி பாருங்கள், அவருக்குத் தெரிந்த மந்திரங்களில் மூன்றை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மற்றவற்றைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்வார்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி. "இந்த வேலைக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?" "இங்க இருக்கிற மத்த மூணு பேர்ல யார் உங்க உயிரை ஒரு தடவை காப்பாத்தியிருக்காங்க?" இந்த இரண்டாவது கேள்வி செய்கிற வேலை பெரியது. அந்நியர்கள் நான்கு பேர் சத்திரத்தில் சந்தித்துக்கொள்ளும் காட்சி, புதியவர்களுக்கு மேசையிலேயே மிகச் சங்கடமான காட்சி. என்ன பேசுவது என்று தெரியாமல் ஆளாளுக்கு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஒருவரை ஒருவர் தெரியும், ஒருவர் இன்னொருவருக்குக் கடன்பட்டவர் என்றால், முதல் நிமிடத்திலிருந்தே கிண்டலும் அக்கறையும் தானாக வரும். அலுவலக நண்பர்களுக்கு அது கைவந்த கலை.

விளையாட்டுக்கு முன்னால் இன்னொரு பேச்சு, பத்து நிமிடம் போதும். இதில் கொலை உண்டு, ரத்தம் உண்டு, எந்த அளவுக்கு வேண்டும்? எது வரவே கூடாது? குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமை, சிலந்தி, பாலியல் வன்முறை, எதுவாகவும் இருக்கலாம். சமீபத்தில் வீட்டில் ஒரு சாவு நடந்தவர் அந்த மேசையில் இருக்கலாம், அதைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச அவருக்கு விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். அதற்காகத்தான் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் எக்ஸ் கார்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்: ஒரு அட்டையில் எக்ஸ் போட்டு நடுவில் வையுங்கள், யார் தொட்டாலும் அந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பெரும்பாலான நாட்களில் யாரும் தொடமாட்டார்கள். இருந்தாலும் வையுங்கள்.

சரி, இப்போது ஆட்டத்துக்குள் போவோம். கண்ட்ரன் என்ற குள்ளர் ஒரு வண்டிச் சரக்கை ஃபாண்டலின் ஊரில் சேர்த்தால் ஆளுக்கு 10 பொற்காசு தருவதாகச் சொல்லிவிட்டு, சில்டார் என்ற வீரரோடு முன்னால் போய்விட்டார். நீங்கள் ஆட்டத்தை அந்தப் பேரத்திலிருந்து தொடங்க வேண்டாம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நேராகச் சாலைக்கு வாருங்கள். புத்தகத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கட்டம் கட்டிய பத்திகள் இருக்கும், அவற்றை ஆங்கிலத்தில் அப்படியே வாசித்தால் இரண்டாவது வரியிலேயே கவனம் போய்விடும். முன்கூட்டியே படித்துவிட்டு, டீக்கடையில் நின்று பேசுவதுபோல உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். எச்.பி., ஏ.சி. மாதிரி விதிச் சொற்கள் அப்படியே இருக்கட்டும், மற்றதெல்லாம் நீங்கள் தினமும் பேசுகிற தமிழில். மூன்று, நான்கு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது:

"சாலை வளையுற இடத்துல ரெண்டு குதிரை செத்துக் கிடக்கு. உடம்பு பூரா கறுப்பு இறகு வெச்ச அம்பு. சாலைக்கு ரெண்டு பக்கமும் அடர்த்தியான புதர். ஒரு பறவைச் சத்தம்கூட இல்ல. என்ன பண்றீங்க?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் புது டிஎம்முக்கு மிகக் கஷ்டமான இடம். ஐந்து விநாடி மௌனம் உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும், அதை நிரப்ப "நீங்க குதிரைய சோதிச்சுப் பார்க்கலாம், இல்லன்னா புதருக்குள்ள போகலாம், இல்லன்னா" என்று நீங்களே பட்டியல் போடத் தொடங்குவீர்கள். போட்டால் போச்சு. அவர்களைப் பொறுத்தவரை அது அப்ஜெக்டிவ் டைப் பரீட்சை ஆகிவிடும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். மௌனத்தை விடுங்கள். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "நான் வண்டிய நிறுத்தலாமா?" என்பார். "நிறுத்திட்டீங்க. மாடு மிரளுது. அப்புறம்?" என்று கேளுங்கள். இரண்டாமவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன் என்பார், மூன்றாமவர் அம்பைப் பிடுங்கிப் பார்ப்பார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஒன்று மட்டும், அனுமதி கேட்கிற பழக்கத்தை மெல்ல மாற்றுங்கள். "பண்ணலாமா?" என்று கேட்டால் "பண்றீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் "பண்றேன்" என்று வந்துவிடும்.

இந்தப் புதரில் நான்கு கோப்ளின்கள், சின்ன உருவக் குட்டிப் பூதங்கள், ஒளிந்திருக்கின்றன. இந்தச் சண்டை முதல் நிலை கேரக்டர்களை, அதாவது இப்போதுதான் தொடங்குகிறவர்களை, சாய்ப்பதில் பேர்போனது, அதனால் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு கோப்ளின் அடிக்கும்போது டி20-ல் 4 கூட்டும். மந்திரவாதியின் ஏ.சி. 12 என்று வைத்துக்கொண்டால் 8 அல்லது மேல் வந்தாலே படும், அதாவது 65 சதவீதம். பட்டால் ஆறு பக்கப் பகடையில் 2 கூட்டி, 3-லிருந்து 8 வரை சேதம். முதல் நிலை மந்திரவாதிக்கு எச்.பி.யே 7, 8 தான் இருக்கும். இரண்டு அம்பு, ஆள் காலி. நான்கும் ஒரே ஆளைக் குறிவைத்தால், அதுவும் சுதாரிப்பதற்கு முன்னால் பாய்ந்தால், உங்கள் நண்பர் தன் முதல் செயலைச் சொல்வதற்கு முன்பே மயங்கிக் கிடப்பார். புதியவருக்கு அதைவிட மோசமான அறிமுகம் இருக்க முடியாது.

இதற்குப் பலர் சொல்கிற யோசனை, திரைக்குப் பின்னால் பகடையை உருட்டிவிட்டு எண்ணை மாற்றிச் சொல்லிவிடுங்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பகடை மேசை நடுவில் எல்லார் கண் முன்னாலும் விழ வேண்டும். நீங்கள் காப்பாற்றுகிறீர்கள் என்ற சந்தேகம் ஒரு தடவை வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்கள் ஜெயிப்பதும் உங்கள் தயவாகிவிடும். மாற்ற வேண்டியதை உருட்டுவதற்கு முன்பே மாற்றுங்கள். நான்குக்குப் பதில் மூன்று கோப்ளின் வையுங்கள். ஆளுக்கொரு இலக்கு என்று பிரித்துவிடுங்கள். எதிர்பாராத தாக்குதலுக்கு ஆளானவர் 2014 விதிப்படி தன் முதல் முறையில் எதுவும் செய்யாமல் சும்மா இருக்க வேண்டும். 2024 விதியில் இனிஷியேட்டிவை, அதாவது யார் முறை முதலில் என்று முடிவு செய்யும் உருட்டலை, மட்டும் டிஸ்அட்வான்டேஜோடு உருட்டினால் போதும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்தாரே, அவருக்கு முக்கால் மறைப்பு, ஏ.சி.யில் 5 கூடும் என்று அறிவித்துவிடுங்கள். அம்பு அவர் தலைக்கு மேலே பலகையில் போய்க் குத்தும். சும்மா தோன்றி அவர் சொன்ன ஒரு விஷயம் அவர் உயிரைக் காப்பாற்றியது, இது அவருக்கு மறக்காது.

அப்படியும் எல்லாரும் தோற்றுவிட்டால்? அந்தச் சாகசமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது: கோப்ளின்கள் யாரையும் கொல்வதில்லை, மயங்கிக் கிடப்பவர்களை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கொள்ளையடித்துக்கொண்டு போய்விடுகின்றன. கண் விழிக்கும்போது சரக்கு இல்லை, ஆயுதம் இல்லை, புதருக்குள் போகும் காலடித் தடம் மட்டும் இருக்கிறது. "என்ன பண்றீங்க?" நீங்கள் நடத்தப் போகிற எந்தச் சண்டைக்கும் இதை மனதில் வையுங்கள்: இவர்கள் தோற்றால் சாவைத் தவிர வேறென்ன நடக்கும்? அதற்கு விடை கையில் இருந்தால் பகடையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த வண்டியில் என்ன சரக்கு என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். மாவு மூட்டை, உப்புக்கண்டப் பீப்பாய், மது, கடப்பாரை மண்வெட்டி, லாந்தர், அப்புறம் ஒரு சின்னப் பீப்பாய் நிறைய லாந்தருக்கான எண்ணெய். நான் பார்த்தவரை, பழகிய ஆட்டக்காரர்கள் ஆயுதத்தைப் பார்ப்பார்கள், புதியவர்கள் கண் எண்ணெய்ப் பீப்பாயில்தான் நிற்கும். "அதைப் புதர் பக்கம் உருட்டிவிட்டுத் தீ வெச்சா?"

உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக் கொளுத்துவதற்கு எந்தப் பக்கத்தில் விதி இருக்கிறது? தேடாதீர்கள். தேடுகிற ஐந்து நிமிடத்தில் அந்த உற்சாகம் அணைந்துவிடும். நடக்கக்கூடியதுதானா? ஆமாம். சுலபமா? இல்லை, சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும், ஆகவே 15. சத்தமாகச் சொல்லுங்கள்: "பீப்பாய் சரியா உருள 15 வேணும், கைவலுவோட எண்ணைக் கூட்டிக்குங்க. சரியா விழுந்தா அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு கோப்ளினும் வெளிய ஓடி வரும், ஆறு பக்கப் பகடை ஒண்ணு சேதம். தப்பினா பீப்பாய் சாலை நடுவுலயே உடையும்." இப்போது அவருக்குப் பந்தயம் என்னவென்று தெரியும், உருட்டுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. சரியான விதி வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமானது அதற்குப் பிறகு. எண்ணெய் போச்சு, அது குள்ளரின் சரக்கு, ஊரில் கணக்குக் கேட்பார்கள். புகை மேலே எழும்பியது, அவற்றின் இருப்பிடமான குகையில் இருக்கும் மற்ற கோப்ளின்கள் பார்த்திருக்கும். தண்டனையாகக் கொடுக்காதீர்கள், நடந்ததன் தொடர்ச்சியாகக் கொடுங்கள். குகை வாசலில் காவல் இரட்டிப்பாகியிருக்கிறது, ஆனால் பாதிப் பேர் தீயைப் பார்க்க வெளியே போயிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் வைத்தால் அவர்களுக்குப் புது யோசனைகள் வரும்.

டிஎம் திட்டமிடாததை ஆட்டக்காரர்கள் செய்வது ஆட்டத்தின் பிழை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்த ஆட்டம் பிறந்ததே அதிலிருந்துதான். 1960-களின் கடைசியில், அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். படைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் இருப்பவர்களின் பாத்திரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். படைகள் வந்து சேருவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டார்கள், சூழ்ச்சி செய்தார்கள், இரண்டு பேர் நேருக்கு நேர் சண்டைக்கே இறங்கிவிட்டார்கள், அதற்கு அவர் அந்த இடத்திலேயே விதி கண்டுபிடிக்க வேண்டி வந்தது. ஆட்டம் தோல்வி என்று வெஸ்லி நினைத்தார். விளையாடியவர்கள் இன்னொன்று நடத்தச் சொல்லி அவரைத் துளைத்தெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான டேவ் ஆர்னெசன் அதை பிளாக்மூர் என்ற மாய உலகத்துக்குக் கொண்டுபோனார், பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் டி அண்ட் டியை வெளியிட்டார். ஆகவே உங்கள் மேசையில் நிலைமை கைமீறிப் போகிறது என்று தோன்றும்போது, எல்லாரும் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தால், விடுங்கள், போகட்டும்.

பகடையை எப்போது உருட்டச் சொல்வது என்பதில் பெரும்பாலான புது டிஎம்கள் அளவுக்கு மீறிப் போகிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது, இலக்கு 15. கூட்ட எண் எதுவும் இல்லாத ஆளுக்கு வாய்ப்பு 30 சதவீதம். உருட்டினார், வரவில்லை. உடனே பக்கத்தில் இருப்பவர் "நான் ட்ரை பண்றேன்" என்பார், அப்புறம் அடுத்தவர். நான்கு பேரும் முயன்றால் யாராவது ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு 76 சதவீதம். அப்படியானால் எதற்கு உருட்டினோம்? தோற்றால் ஒன்றுமே நடக்காது என்றால் உருட்டவே வேண்டாம், திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போங்கள். உருட்டுகிறீர்கள் என்றால் ஒரே ஒரு உருட்டல், உதவி செய்ய யாராவது வந்தால் அட்வான்டேஜ் கொடுங்கள், 30 சதவீதம் 51 ஆகும். தோற்றாலும் கதவு திறக்கட்டும், ஆனால் பூட்டு உடையும் சத்தத்தில் உள்ளே ஓநாய்கள் குரைக்கத் தொடங்கட்டும். கதை எந்தப் பக்கமாவது நகர வேண்டும், மூடிய கதவு முன்னால் நான்கு பேர் நிற்பதாக மட்டும் முடியக் கூடாது.

துப்பு விஷயமும் இதே மாதிரிதான். அவர்கள் கோப்ளின் குகையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றால் அந்தத் தகவலை ஒரே ஒரு பகடைக்குப் பின்னால் வைக்காதீர்கள். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற ஆட்ட எழுத்தாளர் 2008-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வை என்றார், ஒன்று தவறினாலும் மற்றவை கைகொடுக்கும் என்ற கணக்கில். காலடித் தடம் ஒன்று, உயிரோடு பிடிபட்ட கோப்ளின் ஒன்று. இந்தச் சாகசத்தில் மூன்று கோப்ளின் விழுந்ததும் நான்காவது ஓடும், அது போகும் திசை மூன்றாவது.

பிடிபட்ட கோப்ளினிடம் பேச அவர்கள் ஆசைப்பட்டால் நீங்கள் சந்தோஷப்பட வேண்டும். எதிரில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தால் எந்தப் பேச்சையும் சமாளித்துவிடலாம். இந்தக் கோப்ளினுக்கு உயிர் பிழைக்க வேண்டும், தலைவன் கிளார்க் மேல் பயம். குகைக்குள் யீமிக் என்று இன்னொருவன் இருக்கிறான், முன்னால் போய் மாட்டிக்கொண்ட சில்டாரைப் பிணையாகப் பிடித்துப் பாறை விளிம்பில் நிறுத்திக்கொண்டு, கிளார்க்கைக் கொன்று தலையைக் கொண்டுவந்தால் விடுகிறேன் என்று பேரம் பேசுவான், அந்த இடத்துக்குத் தானே தலைவனாகலாம் என்ற ஆசை. அவனை நம்பலாமா? கையில் எச்.பி. எவ்வளவு மிச்சம்? சில்டாரைக் கைவிட்டுவிடலாமா? உங்கள் நண்பர்கள் இருபது நிமிடம் தங்களுக்குள்ளேயே வாதாடுவார்கள், நீங்கள் டீ குடித்துக்கொண்டு கேட்கலாம். டிஎம் பேசாமல் இருக்கும் இருபது நிமிடம், அந்த மாலையில் அதைவிட நல்ல நேரம் வராது.

குரல் மாற்றிப் பேச வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். டி அண்ட் டி விளையாடிக் காட்டும் கிரிட்டிக்கல் ரோல் மாதிரி நிகழ்ச்சிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள், அது அவர்கள் பிழைப்பு. "கோப்ளின் நடுங்கிக்கிட்டே, தலைவன் குகையோட கடைசியில இருக்கான்னு சொல்லுது" என்று சொன்னாலே போதும். உங்கள் நண்பர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். "என் ஆள் அவன்கிட்ட நைசாப் பேசி விஷயத்தைக் கறக்கப் பார்க்கிறான்" என்பதும் முழுமையான விளையாட்டுதான், வசனம் பேசத் தெரியாததால் தான் மட்டமாக விளையாடுகிறோம் என்று யாரும் கூசக் கூடாது. என்ன சொல்லி மிரட்டப் போகிறார், எதைக் காட்டி ஆசை காட்டப் போகிறார் என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள், அதை வைத்துத்தான் இலக்கு 10-ஆ 20-ஆ என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்.

நான்கு பேரில் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்வார், ஒருவர் வாயே திறக்கமாட்டார். பேசாதவரைப் பார்த்து "நீங்க என்ன பண்றீங்க?" என்று சட்டென்று கேட்டால் இன்னும் சுருங்கிப்போவார், அது வகுப்பில் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பதுபோல இருக்கும். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை முதலில் கொடுங்கள். "மத்தவங்க எல்லாம் கோப்ளினையே பார்த்துக்கிட்டு இருக்காங்க, நீங்க ஓரமா நிக்கறதால உங்களுக்கு மட்டும் தெரியுது, ஓடை மேல ஒரு கயிறு கட்டியிருக்கு." இப்போது அவரிடம் மற்ற மூவருக்கும் தேவையான ஒன்று இருக்கிறது. பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் தன்னைப் பற்றி அல்ல, கயிற்றைப் பற்றி. முந்திக்கொண்டு பேசுகிறவரை அடக்க வேண்டாம், "அவருடையதைக் கேட்டுட்டு உங்ககிட்ட வரேன்" என்று வரிசையைக் கையில் வைத்துக்கொண்டாலே போதும். அவர் ஆர்வம் உங்களுக்குத் தேவை.

சண்டை இழுத்தால் சோர்ந்துவிடுவார்கள். இனிஷியேட்டிவ் வரிசையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஒருவர் முறை நடக்கும்போதே "அடுத்தது நீங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். ஷீட்டில் என்ன இருக்கிறது என்று புரட்டிக்கொண்டிருப்பவரிடம் விதியைக் கேட்காமல் "என்ன நடக்கணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேளுங்கள், அதற்குரிய விதி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு மிச்சமிருக்கும் எச்.பி.யைக் கழித்துக்கொண்டிருக்காதீர்கள், மிச்சக் கோப்ளின் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடட்டும்.

மூன்று மணி நேரத்தில் நிறுத்துங்கள், குகை முடியாவிட்டாலும் பரவாயில்லை. கிளம்புவதற்கு முன்னால் இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைக்கு எது பிடித்தது, அடுத்த தடவை எங்கே போகப் போகிறார்கள். முதல் கேள்விக்கு ஒருவர் சண்டை என்பார், ஒருவர் யீமிக்கோடு பேசியது என்பார், அடுத்த வாரம் யாருக்கு எதை அதிகமாக வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வி உங்கள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஃபாண்டலினுக்குப் போய் மிச்சச் சரக்கைக் கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்குவோம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், நீங்கள் அந்த ஊரை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதும்: சரக்கை வாங்கிக்கொள்ளும் கடைக்காரர், ஊரில் இருக்கும் இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு வரி, காணாமல் போன எண்ணெய்க்கு அந்தக் கடைக்காரர் என்ன கேட்பார் என்று ஒரு வரி.